தாத்தாவோட அப்பா பேர் என்ன?

மேலே படிப்பதற்கு முன் ஒரு சின்னப் பரீட்சை. உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன? அப்பா வழி, அம்மா வழி இரண்டும் சொல்லவேண்டும். சொல்லிவிட்டீர்களா? அப்படியானால் இன்னொரு கேள்வி. உங்கள் பாட்டியின் அம்மா பெயர் என்ன?

முதல் கேள்விக்கே முழித்தவர்கள் கவலைப்பட வேண்டாம். நானும் முழித்தவன்தான். அதுவும் ஒரு வெளிநாட்டு அம்மா முன்னால் உட்கார்ந்துகொண்டு. :-)

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது. என் நண்பனின் அப்பா கால் டாக்ஸி ஓட்டுகிறார். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதியைப் பூந்தமல்லிப் பக்கம் அழைத்துப்போக வேண்டியிருந்தது. அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தகராறு. "நீ கூட வாடா, பி.காம் படிக்கிறியே" என்று ஆவடியில் என்னை ஏற்றிக்கொண்டார். (பி.காமுக்கும் இங்கிலீஷுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.)

பார்த்தால் நம்ம பக்கத்து வீட்டு மாமா மாமி மாதிரிதான் இருந்தார்கள். தமிழ் மட்டும் பத்துப் பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் தெரியாது. அந்த மாமா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவருடைய கொள்ளுப்பாட்டி 1880களில் சென்னையில் கப்பலேறி, கரும்புத் தோட்டக் கூலியாக நெட்டாலுக்குப் போனபோது எழுதிய கப்பல் பட்டியலின் நகல். ஒரே ஒரு வரிதான். ஆனால் அந்த வரியில் ஒரு நம்பர், அந்த அம்மாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், வயது 20, சாதி, ஜில்லா செங்கல்பட்டு, தாலுகா சைதாப்பேட்டை, கிராமத்தின் பெயர், உயரம், இடது முழங்கையில் ஒரு தழும்பு என்று எல்லாம் இருந்தது.

அந்தக் காலத்தில் பூந்தமல்லி சைதாப்பேட்டை தாலுகாவில் இருந்தது. அதனால்தான் இங்கே தேட வந்தார்கள். கிராமத்தின் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் கிறுக்கி வைத்திருந்தார். அதை மூன்று ஊராகப் படிக்கலாம். மூன்றுக்கும் போனோம். டீக்கடையில் கேட்டோம், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டோம். நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணை யாருக்குத் தெரியும்? சொந்தக்காரர் யாரும் கிடைக்கவில்லை. மூன்று ஊர்ப் பெயர்ப் பலகையையும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது அந்த மாமி சாதாரணமாகத்தான் கேட்டார். "உன் கொள்ளுத்தாத்தா எந்த ஊர்? அவர் பெயர் என்ன?"

நாலாயிரம் மைல் சொச்சம் கடல் தாண்டிப் போனவர்களுக்குக் கொள்ளுப்பாட்டியின் முழங்கைத் தழும்பு வரை தெரிகிறது. எங்கேயும் போகாத எனக்குக் கொள்ளுத்தாத்தாவின் பெயர்கூடத் தெரியவில்லை. "தெரியாது" என்று சொன்னபோது ரொம்பவே கூச்சமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். "ஏதோ சாமின்னு முடியும்டா" என்றார். எங்கள் வீட்டு ஓப்பனிங் பேலன்ஸ் இவ்வளவுதான்!

இதில் அப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பெயர் வைக்கும் முறையே அப்படி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். என் இனிஷியல் என் அப்பா, அவர் இனிஷியல் என் தாத்தா. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு எழுத்து வந்து ஒரு எழுத்து போய்விடுகிறது. மூன்றாவது படியில் ஏணியே இருக்காது. போதாக்குறைக்குத் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். ராமசாமி மகன் கோவிந்தசாமி, அவர் மகன் ராமசாமி, அவர் மகன் மறுபடி கோவிந்தசாமி என்று போனால், ஒரு பழைய பத்திரத்தில் கோவிந்தசாமி என்று இருப்பவர் எந்தக் கோவிந்தசாமி? பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று உறவுக்கெல்லாம் சொல் வைத்திருக்கிறோம். அந்த இடத்தில் இருந்த ஆளின் பெயரைத்தான் வைத்துக்கொள்ளவில்லை.

சரி, அப்படியானால் அந்த டர்பன் குடும்பத்துக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? எனக்கு இதுதான் குடைந்துகொண்டே இருந்தது. தேடிப் படித்தேன்.

1860 அக்டோபர் 12ஆம் தேதி சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் நவம்பர் 16ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் ஆரம்பித்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நெட்டாலுக்குப் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள் அதில் நிறைய. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், ஒரு வரி. மொரீஷியஸுக்குப் போனவர்கள் நாலரை லட்சம் பேருக்கு மேல். அவர்களுடைய பதிவேடுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பலருடைய போட்டோகூட இருக்கிறது! ஃபிஜிக்கு 1879லிருந்து 1916 வரை அறுபதாயிரம் பேருக்கு மேல் போனார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போனது. ஆளுக்கு ஒரு குடியேற்றச் சீட்டு. பாண்டிச்சேரி, காரைக்காலிலிருந்து கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குப் போன தமிழர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்கள் கணக்கு வைத்திருந்தார்கள்.

அன்பினால் எழுதியதா? இல்லவே இல்லை. முதலாளிக்கு அது ஸ்டாக் ரெஜிஸ்டர். ஓடிப்போனால் பிடிப்பதற்குத்தான் தழும்பும் உயரமும். ஐந்து வருஷ ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று தெரிவதற்குத்தான் நம்பர். நாம் குடோனில் சரக்கு வரவு வைப்பதுபோல் ஆட்களை வரவு வைத்திருக்கிறார்கள். அந்தக் கொடுமையான லெட்ஜர்தான் இன்று பேரன் பேத்திகளுக்கு ஒரே ஆதாரம்.

இங்கே பூந்தமல்லியிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே வெள்ளைக்காரப் பட்டாளம் முகாமிட்டிருந்தது. பட்டாளத்துக்காரர் வீட்டில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தாலும், ஒருவர் செத்தாலும், பாதிரியார் பதிவேட்டில் எழுதுவார். அதன் நகல் லண்டனுக்குப் போகும். அந்த நகல்கள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆக, இருநூறு வருஷத்துக்கு முன் பூந்தமல்லியில் பிறந்த வெள்ளைக்காரக் குழந்தையை இன்று லண்டனில் தேடிக் கண்டுபிடிக்கலாம். அதே தெருவில் அந்தக் குழந்தைக்குப் பால் கொண்டுவந்து ஊற்றியவரின் பெயரை எங்கேயும் தேட முடியாது.

நம்ம ஊரில் கணக்கே எடுக்கவில்லையா என்றால், எடுத்தார்கள். 1767க்கும் 1774க்கும் இடையில் தாமஸ் பர்னார்ட் என்ற இன்ஜினியர் செங்கல்பட்டுச் சீமையில் சுமார் 2,000 கிராமங்களைக் கணக்கெடுத்தார். எந்தத் தொழில் செய்பவர்களுக்கு எத்தனை வீடு, எவ்வளவு நிலம், எத்தனை ஏரி என்றெல்லாம் விவரமான கணக்கு. 1871ல் சென்னை மாகாணத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. ஆனால் இதிலெல்லாம் நமக்குக் கிடைப்பது எண்ணிக்கைதான், ஆள் இல்லை.

அமெரிக்காவில் இதெல்லாம் ரொம்ப சுலபம் என்று நினைத்திருந்தேன். பரம்பரை தேடுவது அங்கே பெரிய பொழுதுபோக்கு. ஆனால் அங்கேயும் இதே கதைதான். 1790ல் முதல் கணக்கெடுப்பு நடந்தது. குடும்பத் தலைவர் பெயர் மட்டும் எழுதினார்கள், மனைவி மக்களெல்லாம் வெறும் எண்ணிக்கை. வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும் எழுதியது 1850ல்தான். அதுவும் அடிமைகளாக இல்லாதவர்களுக்கு மட்டும். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் பெயர் 1870ல்தான் ஏறியது. அதற்கு முன்னால் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் அந்த 1870 என்ற சுவரில் போய் முட்டிக்கொள்கிறார்கள். 1890 கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1921ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பாழாகிவிட்டது. தீப்பிடித்தது எந்தக் கட்டடம் தெரியுமா? வணிகத் துறைக் கட்டடம். நம்ம டிபார்ட்மென்ட்! :-(

இதில் ஒரு சென்னைக்காரரும் வருகிறார். 1790 டிசம்பரில் மாசசூசெட்ஸின் சேலம் துறைமுகத்தில் சென்னையிலிருந்து வந்த ஒருவரைப் பார்த்ததாக வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார் டைரியில் எழுதியிருக்கிறார். உயரமானவர், கறுப்பு நிறம் என்றெல்லாம் எழுதியவர் பெயரை எழுதவில்லை. அந்த ஆளுக்கு அங்கே பிள்ளை குட்டி இருந்திருந்தால், அவர்களுடைய வாரிசுகள் இன்று யாரைத் தேடுவார்கள்?

ஆக, ஆவணம் இல்லாமல் போவது தற்செயல் இல்லை. யாரைக் கணக்கில் வைத்தால் யாருக்கோ லாபமோ, அவர்களை எழுதினார்கள். மற்றவர்களை விட்டுவிட்டார்கள். எந்த ஊராக இருந்தாலும் முதலில் விடுபடுவது ஏழைகளும் பெண்களும்தான்.

"சரிடா, பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? ஷேரா குடுக்கப்போறாங்க?" என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு இலங்கைக் கதையைச் சொன்னேன்.

நெட்டாலுக்குப் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்கள் பெரும்பாலும் கங்காணிகள் பின்னால் அப்படியே போனவர்கள். நெட்டால் மாதிரி ஆளுக்கொரு வரி அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடையாது. 1948ல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. அந்தத் தீவிலேயே பிறந்தவராக இருந்தாலும், அப்பா அங்கே பிறந்தவர் என்றோ, அப்பா வழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபித்தால்தான் வம்சாவளிக் குடியுரிமை. தோட்டத்தில் தேயிலை பறித்தவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களாக நின்றார்கள். 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் மீதி இருந்தவர்களுக்கு விடிவு வந்தது 2003ல் போட்ட சட்டத்தில்தான். 55 வருஷம்!

இதற்கு நேர் எதிர், மொரீஷியஸ். அங்கே ஏழாவது தலைமுறை இந்திய வம்சாவளியினருக்கும் ஓ.சி.ஐ. அட்டை கிடைக்க வழி செய்வதாக 2024 மார்ச்சில் நம் குடியரசுத் தலைவர் அறிவித்தார். ஏழு தலைமுறைக்கு முன்னால் வந்தவர் யார் என்று காட்ட அவர்களுக்கு அந்தப் பழைய பதிவேடு இருக்கிறது. "இதுதான்டா வித்தியாசம்" என்றேன். நண்பன் அதற்கப்புறம் ஷேரைப் பற்றிப் பேசவில்லை.

இனி நான் தேடிய கதை. என் தாத்தா செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து 1960களில் ஆவடி டாங்கித் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அவர் இப்போது இல்லை. ஆயா இருக்கிறார். எழுபத்தைந்து தாண்டிவிட்டது. மூன்று மாதம் விட்டுவிட்டுத் தேடியதில் நான் கற்றுக்கொண்டவை இவை:

1. வருஷத்தைக் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள். "எந்த வருஷம் கல்யாணம் ஆயா?" என்றால் "யாருக்குத் தெரியும்" என்பார். "எம்.ஜி.ஆரைச் சுட்டாங்களே, அப்போ கல்யாணம் ஆயிடுச்சா?" என்றேன். "அதுக்கு அடுத்து வந்த வைகாசில" என்று பட்டென்று பதில் வந்தது. 1967. மாமனார் இறந்தது? "அண்ணா செத்த வருஷம் ஐப்பசி." 1969.

2. மொய் நோட்டு. இதைத்தான் என் மிகப் பெரிய கண்டுபிடிப்பாக நினைக்கிறேன். ஆயாவின் டிரங்குப் பெட்டியில் அவர் கல்யாணத்து மொய் நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, 'இன்னார் குமாரர் இன்னார் திருமண மொய் வரவு' என்று எழுதியிருந்தது. அந்த 'இன்னார்'தான் என் கொள்ளுத்தாத்தா! சாமியில் முடியும் பெயரே இல்லை. அப்பா சொன்னது தப்பு. உள்ளே 184 பேர், எல்லோருக்கும் ஊர், அப்பா பெயரின் முதல் எழுத்து, தொகை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஒரு எவர்சில்வர் சொம்பு. நம் குடும்பங்களில் உறவுமுறையை எழுதி வைத்த ஒரே புத்தகம் ஒரு கணக்குப் புத்தகம் என்பதில் காமர்ஸ்காரனான எனக்கு ஒரு சந்தோஷம்.

3. பத்திரங்கள். நிலம் கொஞ்சமாவது இருந்தால் பழைய கிரயப் பத்திரத்தில் 'இன்னார் குமாரர்', 'இன்னார் பாரியாள்' என்று கட்டாயம் இருக்கும். வில்லங்கச் சான்று இன்டர்நெட்டில் பெரும்பாலும் 1975லிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத் தேடவேண்டும்.

4. ஜில்லா பெயர் மாறும். ஆவடி, பூந்தமல்லி எல்லாம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டப் பக்கம், பிறகுதான் திருவள்ளூர் மாவட்டம். செய்யாறு முன்பு வட ஆற்காடு, 1989லிருந்து திருவண்ணாமலை. பழைய பெயரில் தேடினால்தான் பழைய ஆள் கிடைப்பார்.

5. குலதெய்வம். ஊர் மறந்த குடும்பத்துக்கும் குலதெய்வக் கோயில் ஞாபகம் இருக்கும். அங்கே பொங்கல் வைக்க வருகிற மற்ற குடும்பங்கள் பெரும்பாலும் பங்காளிகள். நமக்குத் தெரியாத பாதிக் கதை அவர்களிடம் இருக்கும். சாமி நம்பிக்கை இல்லாதவர்களும் ஒருமுறை போய்விட்டு வரலாம்.

6. கேட்டதையும் பார்த்ததையும் கலக்காதீர்கள். வவுச்சர் இல்லாத என்ட்ரியை ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். நான் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'ஆயா சொன்னது', 'நோட்டில் பார்த்தது' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படித் தேடினால் ராஜா யாராவது கிடைப்பாரா? மாட்டார். இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. இப்போது எந்தச் சாதிச் சங்கப் போஸ்டரைப் பார்த்தாலும் ஆண்ட பரம்பரைதான். எல்லோரும் ஆண்டிருந்தால் ஏர் ஓட்டியது யார்? தாது வருஷத்துப் பஞ்சத்தில், அதாவது 1876-78ல், கஞ்சித் தொட்டி முன்னால் நின்றவர்கள் யார்? அந்தக் கப்பல்களில் ஏறியவர்கள் யார்? பெயர் தெரியாத நிஜத் தாத்தாவை விட்டுவிட்டு, பெயர் தெரிந்த ராஜாவைத் தத்தெடுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் மொய் நோட்டில் என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி பெயருக்குப் பக்கத்தில் 'பாக்கி' என்று போட்டிருக்கிறது. தம்பிக்கு மொய் வைக்கக்கூடக் காசில்லை. எனக்கு அவர் போதும்.

கடைசியாக ஒன்று. அந்த 184 பெயரில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன். நாலு. "ஏன் ஆயா இவங்க மட்டும்?" என்றேன். "புருசன் செத்துப்போனவங்கடா. வூட்ல ஆம்பள இருந்தா அவன் பேர்லதான எழுதுவாங்க" என்றார்.

அப்புறம்தான் ஆயாவின் அம்மா பெயரைக் கேட்டேன். "அம்மான்னுதான் கூப்புடுவோம்" என்றார். ஊரில்? "ஆரணிக்காரின்னு சொல்லுவாங்க." பிறந்த ஊர் தெரிந்துவிட்டது, ஆனால் பெயர்? யோசித்தார். "இரு கண்ணு, வரும்" என்றார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே இருந்தார். நான் அசைன்மென்ட் எழுத உட்கார்ந்துவிட்டேன். அரைமணி நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, இன்னொரு தரம் மெதுவாகத் தனக்கே சொல்லிக்கொண்டார். வாயால் அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை வருஷமோ.

கப்பலேறிப் போன பெண்ணுக்கு ஒரு வரியாவது இருந்தது. ஊரைத் தாண்டாமல் வாழ்ந்து, ஏழு பிள்ளை பெற்று, செத்துப்போன இந்த அம்மாவுக்கு உலகத்தில் எங்கேயும் ஒரு வரி கிடையாது. ஆயா மறந்திருந்தால் அதோடு சரி. இப்போது இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டில், நீல மையில், பக்கத்தில் 'ஆயா சொன்னது' என்ற குறிப்போடு.

அரசாங்கம் எழுதும், ஆராய்ச்சியாளர் எழுதுவார் என்று காத்திருந்தால் நடக்காது. நம்மைக் கணக்கில் வைத்து யாருக்கும் லாபமில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வயதானவர் யார் இருக்கிறாரோ அவர் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். முதலில் அவருடைய அம்மாவின் பெயரைக் கேளுங்கள். அப்பா பெயர் எப்படியும் எங்கேயாவது இருக்கும்.

பி.கு: டர்பன் மாமிக்கு என் கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் அந்தக் கொள்ளுப்பாட்டியின் பெயரையும் எழுதி மெயில் அனுப்பினேன். "அடுத்து அவர்களுடைய பெற்றோர் பெயர்?" என்று பதில் வந்திருக்கிறது. விடமாட்டார் போலிருக்கிறது!